பதினேழாம் கேள்வி

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

ஓடைக்கரைத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியர்கள் இவர்கள் இரண்டே பேர்தான். அமலோற்பவம் டீச்சர் தலைமையாசிரியை. பொன்னுலிங்கம் சார் அவருக்குக் கீழே. பள்ளிக்கூடத்து ஜன்னலைத் திறந்தால் உப்பளம். வெயில் நேரத்தில் கண்ணைக் கூசும். பலகை துடைத்த துணியை உதறினால் விழுவது சாக்பீஸ் தூளா உப்பா என்று சொல்ல முடியாது.

பொன்னுலிங்கம் சார் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் டவுனில் பெரிய பள்ளி. அங்கே அவர் கைப்பட்ட வகுப்பு எப்போதும் நூற்றுக்கு நூறு. அந்த நூறு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும், அவர் பேனாவுக்கும் தெரியும்.

வந்த முதல் நாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், "பன்னிரண்டுல அஞ்சு போனா எத்தனை?" என்று கேட்டார். பிள்ளை விரலைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. "ஏழு" என்றது. சரிதான். ஆனாலும் என்னமோ குறைந்தாற்போல இருந்தது அவருக்கு. சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போதுதான் பிடிபட்டது. அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டவுனில் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். முகம் லேசாகச் சுருங்கினால் போதும், சொன்னதை மாற்றிக்கொள்வார்கள். அவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள், அவர் முகத்தை.

மறுநாள் காலையில் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"என்னத்த சார்?"

"நீங்க இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்றீங்களோ, அத."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல அந்தச் சத்துணவு அரிசியில கல்லு பொறுக்குங்க சார். பேசிக்கிட்டே பொறுக்கலாம்" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். வயது அவருக்குக் கூட. கேள்வி கேட்பதும் அவர்தான்.

இந்த ஐப்பசியில் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பரீட்சை வந்தது. மாநிலம் முழுக்க ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கேள்வித்தாள். நாற்பது கேள்வி. பிள்ளைகள் கேள்வித்தாளிலேயே டிக் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து ஆசிரியர் விடைத்தாளில் வட்டங்களைக் கருப்பு மையால் நிரப்பி அனுப்ப வேண்டும். அதை மிஷின் திருத்தும். கேள்வித்தாள் பள்ளியிலேயே கிடக்கும், அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

முப்பதும் அதற்கு மேலும் எடுத்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து உறைவிடப் பள்ளியில் இடம். தங்க இடம், சாப்பாடு, துணி, படிப்பு, எல்லாம் அங்கேயே.

வகுப்பில் பதினோரு பிள்ளைகள். முப்பதை எட்டக்கூடியவள் ஒருத்திதான், மாரிச்செல்வி. அவள் அம்மா பேச்சித்தாய் அளத்தில் உப்பு வாருகிறவள். அப்பா இல்லை. போன மாசம் பேச்சித்தாய் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று, உள்ளே வரக் கூசிக்கொண்டு, "அவ பாதமாவது பாத்தியில படாம இருக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பாதம் இரண்டும் வெடித்து வெடித்து, காய்ந்த குளத்துத் தரை மாதிரி இருக்கும்.

பரீட்சை முடிந்த மறுநாள் மத்தியானம் பொன்னுலிங்கம் சார் விடைத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். பதினாறு கேள்வி மளமளவென்று போனது. பதினேழில் கை நின்றது.

மழை பெய்தால் மக்கள் என்ன செய்வர்? அ. மகிழ்வர். ஆ. வருந்துவர். இ. உறங்குவர். ஈ. ஓடுவர்.

மாரிச்செல்வி 'ஆ'வில் டிக் போட்டிருந்தாள். அடுத்த தாளைப் பார்த்தார். 'ஆ'. அதற்கடுத்ததும் 'ஆ'. பத்துப் பிள்ளைகள் வருந்துவர் என்று போட்டிருந்தார்கள். காளீஸ்வரன் மட்டும் 'ஓடுவர்' என்று போட்டிருந்தான்.

அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாரிச்செல்வியின் தாளைக் கடைசிவரை கூட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. திரும்பக் கூட்டினார். தாள்களை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"டீச்சர், இந்தப் பிள்ளைகள் செஞ்சிருக்கிற வேலையப் பாருங்க."

டீச்சர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். காளீஸ்வரன் தாளில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இவன் ஏன் ஓடுவர்னு போட்டான்?"

"கேட்டேன் டீச்சர். தார்ப்பாய் எடுக்க ஓடணும்லா சார்ங்கான்."

"சரிதானே" என்றார் டீச்சர்.

"உங்களுக்கும் எனக்கும் சரி. மிஷினுக்கு 'அ'தான் சரி. மாரிச்செல்விக்கு இருபத்தொன்பது வருது டீச்சர். ஒண்ணு குறையுது."

"மத்தது பத்து தப்பா இருக்கே, அது?"

"அது பத்தும் அவளுக்குத் தெரியாதது. இது ஒண்ணுதான் தெரிஞ்சதனால தப்பாப் போனது."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பொன்னுலிங்கம் சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் எந்த வட்டத்த நிரப்பட்டும் டீச்சர்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பெல் அடிச்சதும் அளத்துக்குப் போயிட்டு வருவோம் சார்" என்றார் டீச்சர்.

விடைத்தாளை மடிக்கக்கூடாது. அதனால் ஒரு அட்டையில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார் அவர். டீச்சர் முன்னால் போனார். இரண்டு பக்கமும் பாத்திகள், நடுவில் ஒற்றையடி வரப்பு. தெற்கே மேகம் கருக்கட்டி நின்றது. அளத்தில் நின்ற பெண்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பேச்சித்தாய் பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வி அதற்குள் வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் பேச்சித்தாய்க்குக் கை ஓடவில்லை.

"என்ன டீச்சர் இந்நேரம்? இவ எதுவும் வம்பு பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. டிகிரி பாத்தாச்சா பேச்சித்தாய்?"

"காலையிலே பாத்தேனே. இருபத்தஞ்சு."

டிகிரி பார்ப்பது என்றால் உப்புத் தண்ணீரின் கனம் பார்ப்பது. அதற்கு ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. உடம்பில் கோடு கோடாக எண் போட்டிருக்கும், அடியில் குண்டு இருக்கும். தண்ணீரில் உப்பு ஏற ஏறக் குழல் மேலே எழும்பும். இருபத்தைந்து காட்டினால் பாத்தியில் உப்புப் பூக்கும். அளத்தில் அந்தக் குழல் சொன்னதுதான் பேச்சு. முதலாளியும் அதைத்தான் கேட்பார், கங்காணியும் அதைத்தான் கேட்பான்.

"அதக் கொஞ்சம் எடுங்க" என்றார் டீச்சர்.

பேச்சித்தாய் துணிச் சுற்றிலிருந்து குழலை எடுத்தாள். டீச்சர் அதை வாங்கித் தன் முந்தானையில் அழுந்தத் துடைத்தார். வரப்பில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் இருந்தது, வாய் வரைக்கும் குடிதண்ணீர். அதன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"டீச்சர், அது குடிக்கிற தண்ணி!" என்றாள் பேச்சித்தாய். "அதுல போயி என்ன டிகிரி பாக்கப் போறீய?" சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் குழலைக் குடத்துக்குள் மெல்ல விட்டார். அது கழுத்துவரை இறங்கிவிட்டது.

"எத்தனை காட்டுது சார்?"

பொன்னுலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "பூஜ்யம் டீச்சர்."

"நல்லாப் பாருங்க."

"பூஜ்யந்தான்."

டீச்சர் குழலை எடுத்துப் பேச்சித்தாயிடம் கொடுத்தார். குடத்தைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துப் பொன்னுலிங்கம் சார் கையில் கொடுத்தார்.

"குடிங்க."

அந்த வெயிலில் நடந்து வந்த தொண்டை. ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னும் வேணுமா?"

"குடுங்க டீச்சர்."

இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். குடத்தையும் குழலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"புரிஞ்சுபோச்சு டீச்சர். குழல் அளக்கிறது ஒண்ணு, குடத்துல இருக்கிறது ஒண்ணு. அப்போ இவளுக்கு நான் 'அ'வையே நிரப்பிடுறேன். மனசுல ஒரு உறுத்தலும் இல்ல இப்போ."

டீச்சர் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"என்ன நிரப்பப் போறீய? என்ன சமாச்சாரம் சார்?" என்றாள் பேச்சித்தாய்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேள்வியைச் சொன்னார், நான்கு விடையையும் சொன்னார்.

"மழை பெஞ்சா சந்தோசமா!" என்றாள் பேச்சித்தாய். "எவம் வீட்டுல? போன செவ்வாக்கிழமை மத்தியானம் வந்து நிக்கச் சொல்லுங்க இந்த வரப்புல. பத்து நா வாருன உப்பு, கண்ணு முன்னாடியே கரைஞ்சு ஓடுது. தார்ப்பாய இழுக்க இழுக்கக் காத்து தூக்கிட்டுப் போவுது. சந்தோசமாம்லா!"

அப்புறம் அவர் இருபத்தொன்பதைச் சொன்னார். முப்பதையும் சொன்னார்.

பேச்சித்தாயின் சிரிப்பு நின்றது. பலகையைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"மாத்திருங்க சார்."

பொன்னுலிங்கம் சார் அட்டையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ஒரு எழுத்துதான? அதுல என்ன இருக்கு? யாரு வந்து பாக்கப் போறா? உங்களுக்குப் புண்ணியமாப் போவும், மாத்திருங்க."

இவ்வளவு நேரம் சும்மா இருந்த மாரிச்செல்வி எழுந்து வந்தாள். "நான் போட்டது தப்பா சார்?"

"தப்புன்னு இல்லம்மா. பரீட்சைக்கு வேற மாதிரி எழுதணும்."

"செவ்வாக்கிழமை எங்கம்மா அழுதா சார். நான் கூட நின்னேன்."

"தெரியும்மா."

"அப்ப அது தப்பா?"

பொன்னுலிங்கம் சார் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். இந்த இடத்தில் டீச்சர் ஏதாவது சொல்லிக் காப்பாற்றக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

"ஒரே ஒரு வட்டம் டீச்சர்" என்றார். "ஒரு பிள்ளையோட காலம் பூராவும் இதுல இருக்கு. நீங்களே சொல்லுங்க."

டீச்சர் குனிந்து, குவியலிலிருந்து இரண்டு கை நிறைய உப்பை அள்ளினார். பொன்னுலிங்கம் சார் முன்னால் நீட்டினார்.

"இங்க உப்புக்கா பஞ்சம் சார்? இந்தாங்க. இத அந்தக் குடத்துல போடுங்க. குழல் தானா மேல வந்துரும்."

அவர் கை நீளவில்லை. ஆனால் பேச்சித்தாய் பதறிவிட்டாள். சட்டென்று முன்னால் வந்து குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தண்ணி லாரி வந்து மூணு நாளாச்சு டீச்சர்! இது ஒண்ணுதான் கிடக்கு!"

சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். குடத்தின் வாயை மூடியிருந்த கை. எடுக்காமல் அப்படியே நின்றாள்.

தெற்கே மேகம் ஒருதரம் உறுமியது. அடுத்த பாத்தியில் யாரோ யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள்.

டீச்சர் உப்பைக் குவியலிலேயே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"இருக்கட்டும் சார்" என்றாள் பேச்சித்தாய், ரொம்ப நேரம் கழித்து. "பிள்ள போட்டது போட்டபடியே இருக்கட்டும்." கண்ணைத் துடைக்கக் கை மேலே போனது. கையெல்லாம் உப்பு. பாதி வழியில் நிறுத்தி, தோளால் ஒற்றிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து பொன்னுலிங்கம் சார் விளக்கைப் போட்டு உட்கார்ந்தார். பத்துத் தாளில் 'ஆ'வை நிரப்பினார். ஒரு தாளில் 'ஈ'யை நிரப்பினார். மாரிச்செல்வியின் தாளைக் கடைசியில் வைத்திருந்தார். எத்தனையோ ஆயிரம் வட்டம் நிரப்பிய கை அது. அந்த ஒரு வட்டத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

அவர் எழுந்திருக்கும்போது டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்தார்.

"உங்க எழுத்து நல்லா இருக்கும் சார். பதினேழாம் கேள்வியப் பத்திப் பரீட்சை ஆபீசுக்கு ஒரு கடிதாசி எழுதுங்க. நடந்தத அப்படியே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"படிப்பாங்களா டீச்சர்?"

"எழுதுங்க."

எழுதினார். செவ்வாய்க்கிழமை மழையை எழுதினார், தார்ப்பாயை எழுதினார். காளீஸ்வரன் ஏன் ஓடுவர் என்று போட்டான் என்பதையும் எழுதினார்.

பத்து நாள் கழித்து அந்த ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், மழை பெஞ்சா சந்தோசம்தான சார்? இதுக்குப் போயி மூணு பக்கமா? விடைய மாத்துறதெல்லாம் முடியாது சார். வச்சிடட்டுமா?"

கார்த்திகையில் பட்டியல் வந்தது. அன்றைக்கு நல்ல மழை. அளம் முழுக்க ஒரே தண்ணீர்க்காடு. வேலை நின்று பதினைந்து நாள் ஆகியிருந்தது. பொன்னுலிங்கம் சார் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலேயும் பார்த்தார். மாரிச்செல்வி பெயர் இல்லை.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு டீச்சர் மேல் கோபம் வந்தது. தாளை மேஜையில் வைத்தார். வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"இதோ இருக்கு. குடத்தக் காட்டுனீங்க, குழலக் காட்டுனீங்க. எல்லாம் சரி. இப்போ அந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

"நாலு கிலோமீட்டர் நடந்து நடுநிலைப்பள்ளிக்குப் போகும்."

"லீவு நாள்ல?"

"அளத்துல நிக்கும்."

"அப்போ நாம அவளுக்கு என்னதான் செஞ்சோம் டீச்சர்?"

டீச்சர் கீழே குனிந்து பேனாவை எடுத்து அவர் பையில் செருகினார். டீச்சரின் கண்ணும் சிவந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். பட்டியல் காலையிலேயே டீச்சர் கைக்கு வந்திருக்க வேண்டும்.

"மாரிச்செல்வி" என்று கூப்பிட்டார் டீச்சர்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை எழுந்து நின்றாள். பட்டியல் விவரம் அவளுக்கும் தெரியும். இந்த மாதிரிச் சேதி பள்ளிக்கூடத்தில் மூடி வைத்தால் நிற்காது.

"மழை பெஞ்சா மக்கள் என்ன செய்வாங்க?"

பொன்னுலிங்கம் சார் பிள்ளையைப் பார்த்தார். 'அ'வென்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். டவுன் பிள்ளைகள் என்றால் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். ஒருதரம் அடி வாங்கிய கேள்வி அல்லவா.

மாரிச்செல்வி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெளியே திரும்பி நின்றாள். அளத்தின் மேல் மழை சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நாங்க வருத்தப்படுவோம் டீச்சர்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கேள்வி எழுதுனவங்க ஊர்ல வயக்காடு இருக்கும். அவங்க சந்தோசப்படுவாங்க" என்றாள்.

"சரி, உக்காரு."

பிள்ளை உட்கார்ந்தாள். டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"சார், அவ எங்க பாத்துச் சொன்னா?"

பொன்னுலிங்கம் சார் மெல்ல ஜன்னல் பக்கம் போய், மாரிச்செல்விக்குப் பின்னால் நின்றுகொண்டார்.